ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் வருகிற முதல் கேள்வி, "எல்லாம் நார்மல்தானே?" என்பதுதான். தடித்த எழுத்தில் ஒரே ஒரு எண் இருந்துவிட்டால் போதும், அந்த எண்ணை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்று பேச்சு போய்விடும். அது ஏன் அப்படி ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் அந்த "ஏன்"தான் முக்கியம். அதற்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ரத்தத்தில் என்னதான் இருக்கிறது?

வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு பிளாஸ்மா என்ற வெளிர்மஞ்சள் திரவம். மீதி அணுக்கள். சிவப்பணு நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கக் கொண்டுபோகிறது. வெள்ளையணு கிருமிகளை எதிர்க்கிறது. தட்டணு, அதாவது எல்லோரும் பிளேட்லெட் என்று சொல்வது, ரத்தக் குழாயில் கீறல் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கசிவை அடைக்கிறது.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், சிவப்பணு ஏறக்குறைய 40 முதல் 55 லட்சம் இருக்கும். பிளேட்லெட் ஒன்றரை முதல் நாலரை லட்சம். வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரைதான். சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும், பிளேட்லெட் 7 முதல் 10 நாள். வெள்ளையணுவில் நியூட்ரோஃபில் என்ற வகை ரத்தத்தில் சுற்றுவது மணிக்கணக்கில்தான்.

இவை எல்லாமே எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா ஆகிய இடங்களில் இந்த வேலை நடக்கிறது. நொடிக்கு 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் அங்கிருந்து வருகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான். வயதான சிவப்பணுக்கள் பெரும்பாலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உடைக்கப்படுகின்றன. அவற்றிலிருக்கும் இரும்பு வீணாகாமல் மஜ்ஜைக்கே திரும்பிப் போகிறது. மூன்று வகை அணுக்களும் ஒரே சமயத்தில் குறைந்திருந்தால் மருத்துவர் மஜ்ஜையைப் பற்றி யோசிப்பது இதனால்தான். வைட்டமின் பி12 குறைந்தாலும் மூன்றும் இறங்கும், பெருத்த மண்ணீரலும் மூன்றையும் குறைக்கும். ஆகவே அதைப் பார்த்ததும் புற்றுநோய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

சிபிசி ரிப்போர்ட்டில் இத்தனை வரி இருக்கிறதே, எதைப் பார்ப்பது?

சிபிசி என்பது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை. அதில் நான்கு வரியைப் பாருங்கள்: ஹீமோகுளோபின் (சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும், இரும்பு உள்ள பொருள்), எம்சிவி, மொத்த வெள்ளையணு, பிளேட்லெட்.

இதில் எம்சிவி என்பதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை இருந்தால் சரி. ஹீமோகுளோபின் குறைந்து எம்சிவியும் 80க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவோ, ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரையாக வரும் குறையான தலசீமியாவோ இருக்கலாம். 100ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு, குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரத்தசோகை என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே பல நோய்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க முதலில் உதவுவது இந்த எம்சிவிதான்.

பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருடம் 13 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 11 என்றால் அது ஒரு செய்தி. பத்து வருடமாகவே 11 என்றால் அது வேறு செய்தி.

ஹீமோகுளோபின் 9 இருக்கிறது. மாதுளையும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் ஏறிவிடுமா?

ஏறாது. நிறம் சிவப்பு என்பதால் வந்த நம்பிக்கை இது. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மாதுளையில் அதைவிடக் குறைவு. இரண்டுமே நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் 9 என்ற அளவை அவை சரிசெய்யாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராம், பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11. இதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. மூச்சு வாங்குவதையும் களைப்பையும் "வேலை அதிகம், அதான்" என்று சொல்லி நம் வீட்டுப் பெண்கள் வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டே போகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது.

இரும்பின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போனால் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிலக்கில் 80 மில்லிலிட்டர் போகிற ஒரு பெண் மாதம் 40 மில்லிகிராம் இரும்பை இழக்கிறார். நல்ல சாப்பாட்டிலிருந்து நம் குடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். தோலிலும் குடலிலும் இயல்பாகவே தினமும் சுமார் ஒரு மில்லிகிராம் உதிர்ந்து போய்விடுகிறது. ஆகவே அதிக ரத்தப்போக்கு இருக்கிறவரைக்கும் என்ன சாப்பிட்டாலும் கணக்கு நேராகாது. "உனக்கு எத்தனை நாள் போகுது? கட்டியாகப் போகுதா?" என்று வீட்டில் அக்காவோ அம்மாவோ கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் கொக்கிப்புழு. மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். வயலிலும் முந்திரித் தோப்பிலும் செருப்பில்லாமல் வேலை செய்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எதைச் சாப்பிடுவது? முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு வகைகள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலாகிய சுவரொட்டியை ரத்தம் ஊறும் என்று பெரியவர்கள் பிள்ளை பெற்றவளுக்குச் சுட்டுக் கொடுத்தது நல்ல பழக்கம்தான். அதில் இரும்பு நிறைய. இறைச்சியில் உள்ள இரும்பைக் குடல் எளிதாக எடுத்துக்கொள்ளும், கீரை தானியத்தில் உள்ளதை அவ்வளவாக எடுக்காது. ஆனால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் உறிஞ்சுவது கூடும். கம்பைப் புளிக்கவைத்துக் கூழாகக் குடித்தால், இரும்பைப் பிடித்துவைக்கும் பொருள் குறைந்து இன்னும் பலன் கிடைக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இதற்கு நேர் எதிர். சாப்பாட்டில் உள்ள இரும்பில் பாதிக்கு மேல் அந்த டீ தடுத்துவிடக்கூடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஆனாலும் 9 என்றால் உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

கறுப்பாகப் போவது இயல்பு, பயப்படாதீர்கள். வயிறு புரட்டினால் இரவு சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள், அல்லது வேறு மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள். சில மருத்துவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதுவார்கள். அப்படிக் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக உறிஞ்சுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில்.

மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கும். ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. அப்போது ரத்தத்தில் இரும்பு சேர்ந்திருக்கும், உடம்பின் சேமிப்பு காலியாகவே இருக்கும். அது நிரம்ப இன்னும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை, பிரசவமும் நெருங்கிவிட்டது என்றால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்து அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது.

அப்பாவுக்கு 65 வயது. ஹீமோகுளோபின் 8.5. டானிக் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

போதாது. இந்த ஒரு பதிலை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வயதான ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவால் ரத்தசோகை வந்தால், எங்கேயோ ரத்தம் கசிகிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். மூல நோயாக இருக்கலாம். மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் மாத்திரை போட்டதால் வந்த வயிற்றுப் புண்ணாக இருக்கலாம். இரைப்பையிலோ பெருங்குடலிலோ புற்றுநோய் தொடங்கியிருக்கவும் கூடும். பெருங்குடல் புற்றுநோய் சிலருக்கு வலியே இல்லாமல் முதலில் ரத்தசோகையாகத்தான் தெரியவரும். டானிக் கொடுத்தால் எண் கொஞ்சம் ஏறும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், நோயோ உள்ளே வளரும். எண்டோஸ்கோப்பியும் கொலோனோஸ்கோப்பியும் தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிடாதபோது மலம் தார்போலக் கறுத்துப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிட்னி கெட்டவர்களுக்கும் ஹீமோகுளோபின் இறங்கும். சிவப்பணுவை உருவாக்கு என்று மஜ்ஜைக்குச் சொல்கிற எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் கிட்னியில்தான் பெரும்பாலும் சுரக்கிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஊசியாகப் போடுவது அதைத்தான்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கால் மரத்துப்போகிறது, ரத்தமும் குறைவு என்கிறார்கள். தொடர்பு உண்டா?

இருக்கலாம். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறைய வாய்ப்பு உண்டு. பாலும் தயிரும்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களுக்கும் குறையும். ஏனென்றால் கீரை, காய், தானியத்தில் பி12 கிடையாது. எம்சிவி 100க்கு மேல், நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரிச்சல், பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி உணர்வு என்று வந்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையால் வந்தது என்றே எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பி12 குறைவால் நரம்பு கெட்டு நாளானால் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

ஆறு மாதமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், ஹீமோகுளோபின் அசையவே இல்லை. ஏன்?

உண்மையிலேயே தினமும் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, ரத்தம் இன்னும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. மற்றொன்று, குறைவது இரும்பே இல்லை, தலசீமியாவின் லேசான வடிவமான சிறுவகை.

ரிப்போர்ட்டிலேயே இதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும். ஹீமோகுளோபின் 8.5, எம்சிவி 68, சிவப்பணு 41 லட்சம் என்று ஒருவருக்கு இருக்கிறது. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: 41 லட்சம் என்பது 4.1 மில்லியன், 68ஐ 4.1ஆல் வகுத்தால் 16க்கு மேல். 13க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம். இன்னொருவருக்கு ஹீமோகுளோபின் 11.2, எம்சிவி 64, சிவப்பணு 58 லட்சம். 64ஐ 5.8ஆல் வகுத்தால் 11. 13க்குக் கீழே என்பதால் தலசீமியாவின் பக்கம். இது உறுதிப்படுத்தும் சோதனை அல்ல, யோசிக்க வைக்கிற ஒரு கணக்கு மட்டுமே. ஹெச்பிஎல்சி என்ற பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை கூடியிருந்தால்தான் பீட்டா தலசீமியா என்று சொல்வார்கள். இரும்பு மிகவும் குறைந்திருக்கும்போது ஏ2 இறங்கி நோயை மறைக்கக்கூடும் என்பதால், சில சமயம் இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள்.

சிறுவகை உள்ளவர்கள் நன்றாகவே வாழ்வார்கள், மருந்து எதுவும் தேவையில்லை. பரிசோதனையில் இரும்பு குறைவாக இருந்தால் ஒழிய இரும்பு மாத்திரையும் தேவையில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது திருமணத்தை. கணவன், மனைவி இருவருக்கும் சிறுவகை இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான வடிவமான பெருவகை வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெருவகை வந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தில் உள்ள இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியாமல் இருக்கத் தினமும் மருந்து வேண்டும். குணப்படுத்த இன்றைக்குப் பரவலாக உள்ள வழி மஜ்ஜை மாற்றம்.

நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இன்னும் நடக்கிறது. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே குறையை இருவரும் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். உறவில் முடிக்கிறோம் என்றால் ஜாதகத்தோடு இந்த ஒரு ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாணம் முடிந்துவிட்டதா? கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்றாவது மாதத்துக்குள் கருவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது.

வெள்ளையணு 15,000. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. காய்ச்சல், சளி, சீழ்க்கட்டி, சிறுநீர்த் தொற்று, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம் என்று எதிலும் ஏறும். தொற்று ஆறியதும் இறங்கிவிடும். நியூட்ரோஃபில் கூடியிருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா, லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு கூடியிருந்தால் பெரும்பாலும் வைரஸ் என்பது பொதுவான கணக்கு. விதிவிலக்குகள் உண்டு.

ரத்தப் புற்றுநோய் என்றால் எண் மட்டும் மாறாது. குழந்தைக்கு வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே நீலத் திட்டுகள், ராத்திரியில் அழவைக்கிற எலும்பு வலி, கழுத்தில் கட்டிகள் என்று சேர்ந்து வரும். அப்போது ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், ஸ்மியர் என்பது இதுதான். முதிராத அணுக்கள் கண்ணில் பட்டால் அடுத்தது மஜ்ஜைப் பரிசோதனை. குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்போசைட் வகைப் புற்றுநோயில், முழுச் சிகிச்சையும் எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் நாட்பட்ட மைலாய்டு வகைக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை 2001இல் வந்தது. அதற்குமுன் சில வருடங்களில் உயிரைக் கொண்டுபோன நோய் அது. இப்போது தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

வெள்ளையணு குறைவதும் கவனிக்க வேண்டியதே. வைரஸ் காய்ச்சலில் குறைந்து தானே ஏறும். ஆனால் தைராய்டு அதிகச் சுரப்புக்கு கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு திடீரென்று தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே சிபிசி பார்க்க வேண்டும். அரிதாக அந்த மாத்திரை நியூட்ரோஃபிலை அடியோடு இறக்கிவிடும்.

ஈசினோபில் 18 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இது என்ன?

வெள்ளையணுவில் ஒரு வகை. 6 சதவீதம் வரை இயல்பு. ஒவ்வாமை, ஆஸ்துமா, தோல் அரிப்பு, குடற்புழு, சில மாத்திரைகள் இதை ஏற்றும்.

நம் கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு: யானைக்கால் புழு. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் எண்பதுகளில் அந்த நகரத்தின் சாக்கடைக் கொசுவையும் யானைக்காலையும் கட்டுப்படுத்தப் பெரிய வேலை செய்தது. அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் சுகாதாரத் துறை ஊழியர்கள் இரவில் வீடு தேடி வந்து ரத்தம் எடுப்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சிலருக்குக் கால் வீங்காமல், ராத்திரி இருமலும் இழுப்பும் மட்டும் வந்து, ஈசினோபில் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டும். ஆஸ்துமா என்று நினைத்து வருடக்கணக்கில் மருந்து எடுப்பார்கள். யானைக்காலுக்குக் கொடுக்கிற டிஇசி மாத்திரையிலேயே இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

டெங்கு வந்து பிளேட்லெட் 70 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. உடனே ஏற்ற வேண்டாமா?

ஐப்பசி மழை தொடங்கியதும் எங்களுக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். பதற்றம் புரிகிறது. ஆனால் டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் பிளேட்லெட்டால் வருவதில்லை. ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா வெளியே கசிவதால் வருகிறது. கசிந்தால் ரத்தம் கெட்டியாகும். ரிப்போர்ட்டில் ஹெமடோக்ரிட் அல்லது பிசிவி என்ற வரியைப் பாருங்கள். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்வது அது. 38 இருந்தது 46 ஆகி, கூடவே பிளேட்லெட்டும் சரிந்தால் அதுதான் எச்சரிக்கை மணி. முன்பிருந்த அளவில் 20 சதவீதம் ஏறினால் கசிவு நடக்கிறது என்று பொருள். அப்போது தேவைப்படுவது சரியான அளவில் ஏற்றப்படும் சலைன்.

காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று நினைக்கக் கூடாது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்று, இரண்டு நாள்தான் மோசமானது. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லென்று போவது, சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்குப் பொதுவாக 10 ஆயிரத்துக்குக் கீழே போனால்தான் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். ரத்தம் கசிந்தால் எண்ணைப் பார்க்காமல் முடிவெடுப்பார்கள். 70 ஆயிரத்தில் ஏற்றினால் பயன் இல்லை. ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த ஒரு பை 5 முதல் 10 ஆயிரம்தான் ஏற்றும், ஒவ்வாமை வரும் வாய்ப்பும் உண்டு. நோய் திரும்பும்போது பிளேட்லெட் தானாகவே மளமளவென்று ஏறும். பப்பாளி இலைச்சாறு குடித்து ஏறியது என்று பலர் சொல்வதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். நிலவேம்புக் கஷாயமும் பப்பாளிச் சாறும் குடித்துக்கொண்டு கஞ்சி, மோர், இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசலை விட்டுவிடுவதுதான் தவறு.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், உடம்புவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி எதுவும் வேண்டாம். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களே நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். டெங்குதானா என்று பார்க்க முதல் ஐந்து நாளில் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் பரிசோதனை.

உடம்புக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் பிளேட்லெட் 60 ஆயிரம் என்று வருகிறது. எப்படி?

மெஷின் தப்பாக எண்ணியிருக்கலாம். சிபிசிக்கு எடுக்கிற ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்து சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். மெஷினுக்கு அந்தக் கொத்து பிளேட்லெட்டாகத் தெரியாது. ஸ்மியர் பார்த்தால் உண்மை தெரியும், நீல மூடிக் குழாயில் எடுத்துப் பார்த்தாலும் சரியாக வரும். எண் அதிர்ச்சி தருகிற மாதிரி வந்தால் "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று எங்களிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

உண்மையிலேயே குறைந்திருந்தால் காரணங்கள் பல. நெடுநாள் குடியால் கல்லீரல் சுருங்கி மண்ணீரல் வீங்கினால் பிளேட்லெட் அங்கே போய்த் தேங்கிவிடும். இந்தப் பக்கத்தில் இதை நிறையப் பார்க்கிறோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும் ஐடிபி என்ற நோயும் உண்டு. பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வந்து பெரும்பாலும் சில மாதங்களில் தானே போய்விடும்.

பையனுக்கு லேசாக அடிபட்டாலே முட்டி வீங்கிவிடுகிறது. பிளேட்லெட் சரியாக இருக்கிறதே?

ஹீமோபீலியாவா என்று பாருங்கள். இதில் அணுக்கள் சரியாகவே இருக்கும். ரத்தத்தை உறையவைக்க பிளாஸ்மாவில் உள்ள உறைகாரணி என்ற பொருள்களில் எட்டாவதோ ஒன்பதாவதோ குறைந்திருக்கும். தாய் வழியாக மகனுக்கு வரும், தாய்மாமனுக்கு இருந்ததா என்று விசாரியுங்கள். மூட்டுக்குள் ரத்தம் கசிவதை விட்டுவிட்டால் கால் முடங்கும். உறைகாரணி ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். இந்தப் பிள்ளைகளுக்குச் சதையில் ஊசி போடுவதையும் ஆஸ்பிரினையும் தவிர்க்க வேண்டும்.

ரத்தம் கொடுத்தால் பலவீனம் வருமா?

வராது. எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். திரவம் ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணு சில வாரங்களில். 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

ஒருவர் கொடுப்பதைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்க முடியும். சிவப்பணுவைக் குளிரில் 35 முதல் 42 நாள் வைக்கலாம். பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். அதனால்தான் டெங்கு காலத்தில் கொடையாளர்கள் தொடர்ந்து தேவைப்படுகிறார்கள். பணத்துக்கு ரத்தம் விற்பது இந்தியாவில் 1998 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. யாராவது காசு கேட்டால் ரத்த வங்கியில் சொல்லுங்கள்.

எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ். குழந்தைக்கு ஆபத்தா?

முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பிரசவத்தின்போது குழந்தையின் பாசிட்டிவ் ரத்தம் உங்கள் ரத்தத்தில் கலந்து எதிர்ப்பு உருவானால், அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அது அழிக்கும். ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்கிறது. 28ஆம் வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று. கரு கலைந்தாலும் போட வேண்டும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எங்கே போய்க் காட்டுவது?

சாதாரண ரத்தசோகைக்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் பக்கம் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மருத்துவமனை. தலசீமியா, ஹீமோபீலியா, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு கோரிமேடு ஜிப்மர். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த இடம் அது. மண்டலப் புற்றுநோய் மையமும் அங்கேயே இருக்கிறது. காலையில் சீக்கிரம் போங்கள், பழைய ரிப்போர்ட்டுகளையும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

சிபிசிக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம். சர்க்கரை, கொழுப்பு சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் வெறும் வயிறு. இரும்பு அளவு பார்க்க வேண்டுமென்றால் காலையில், அன்றைய இரும்பு மாத்திரையைப் போடாமல் வாருங்கள். ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், தேய்க்க வேண்டாம்.